வெள்ளம் வரும் முன் பத்திரத்தை போனில் படம் எடுப்பது எப்படி? கடலூர், சிதம்பரம் வீடுகளுக்கு ஒரு மேஜை, ஒரு ஸ்டூல் போதும்

பரண் மேல் ஒரு டிரங்கு பெட்டி. அதற்குள் ஒரு மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்த வீட்டுப் பத்திரம், பட்டா, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அப்பா காலத்து எல்.ஐ.சி. பாண்டு. கடலூர் மாவட்டத்தில் பல வீடுகளின் 'லாக்கர்' இதுதான்.

மழை வலுத்தால் முதலில் கையில் எடுப்பதும் இந்தப் பையைத்தான். எடுக்க முடியாமல் போன வருஷங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி அப்படி வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் மாவட்டமே தண்ணீரில் நின்றது. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் பாய்ந்தது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என இத்தனை ஆறுகள் கடலைத் தேடி வரும் மாவட்டத்தில், 'நம்ம வீட்டுக்கு வராது' என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, கடலூர் உள்ளிட்ட பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஆவணங்களை இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க தமிழக அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. நகல் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: 'நம்பர் என்ன?' பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், மதிப்பெண் சான்றிதழின் பதிவெண். இவையெல்லாம் தண்ணீரில் போன அதே காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

'அதான் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கோமே' என்பவர்கள், ஒரு நிமிடம் அந்தப் படத்தைத் திறந்து, முத்திரைக்குள் இருக்கும் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம். கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தால், அந்தப் படம் தேவைப்படும் நாளில் உதவாது.

போட்டோ இருந்தால் அசல் இருப்பது மாதிரியா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் எடுத்த படம், அசலை மீண்டும் வாங்குவதற்கான வழிகாட்டி. அவ்வளவுதான்.

பதிவு செய்யப்பட்ட பத்திரம் என்றால் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால், சான்றிட்ட நகலுக்குப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டாவையும் சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் அரசின் இ-சேவை தளத்தில் பார்த்துவிடலாம்.

டிஜிலாக்கரில் ஒரு குழப்பம் இருக்கிறது. அரசுத் துறையே அதில் நேரடியாக வழங்கும் ஆவணத்துக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளின்படி அசலுக்கு இணையான மதிப்பு உண்டு. நீங்களே படம் எடுத்து அதில் ஏற்றினால் அந்த மதிப்பு கிடையாது. அது பத்திரமாக இருக்கும், அவ்வளவே.

நீதிமன்றம் வரை போனால்? அசல் அழிந்துவிட்டது என்று காட்ட முடிந்தால், நகலை இரண்டாம் நிலைச் சான்றாக வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. மின்னணு வடிவில் கொடுப்பதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவு தனிச் சான்றிதழ் கேட்கிறது. அந்த நிலை வந்தால் வக்கீலைப் பார்ப்பதுதான் சரி.

கையில் பிடித்து எடுத்தால் என்ன தப்பு?

ஒரு தாள் என்றால் தப்பில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மஞ்சப்பையில் சாதாரணமாகவே அறுபது, எழுபது பக்கம் தேறும். தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை என்று எடுத்தாலே நாற்பது பக்கம் தாண்டும். தரையில் தாளை விரித்து, குனிந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்து எடுக்க ஆரம்பித்தால் பத்தாவது தாளில் இடுப்பு வலிக்கும். இருபதாவது தாளில் 'போதும்டா சாமி' என்று தோன்றும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள்தான் பெரும்பாலும் ஆடிப்போயிருக்கும்.

கையில் பிடிக்கும்போது போன் கொஞ்சமாவது சாயும். சாய்ந்தால் செவ்வகத் தாள் ஒரு பக்கம் குறுகித் தெரியும். போனுக்கு அருகில் இருக்கும் வரிகள் தெளிவாகவும், தூரத்தில் இருப்பவை மங்கலாகவும் விழும். முத்திரைகள் பெரும்பாலும் தாளின் ஓரத்தில், மூலையில்தான் இருக்கும். முதலில் மங்குவதும் அந்த இடம்தான்.

ஆவணக் காப்பகங்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள்: கேமரா அசையக்கூடாது, தாள்தான் மாற வேண்டும். அதற்கென்றே காப்பி ஸ்டாண்டு என்று ஒன்று உண்டு. செங்குத்தான கம்பியில் கேமரா கீழ்நோக்கி நிற்கும், இரண்டு பக்கமும் 45 டிகிரி கோணத்தில் விளக்கு இருக்கும். வீட்டில் அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

மேஜை, ஸ்டூல், பரீட்சை அட்டை

படிக்கும் மேஜை சுமார் இரண்டரை அடி உயரம். பிளாஸ்டிக் ஸ்டூல் சுமார் ஒன்றரை அடி. வித்தியாசம் ஒரு அடி. நமக்கு வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான்.

பிள்ளைகளின் பரீட்சை அட்டையை மேஜை மேல் வைத்து, பாதியை வெளியே நீட்டுங்கள். உள்ளே இருக்கும் பாதியின் மேல் நாலைந்து கனமான புத்தகங்களை அடுக்குங்கள். அட்டை ஆடக்கூடாது. வெளியே நீட்டிய பகுதியில் போனை, திரை மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். கேமரா இருக்கும் தலைப்பகுதி மட்டும் அட்டையைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். எடை முழுக்க அட்டை மேல் இருப்பதால் போன் விழாது. (பயமாக இருந்தால் ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். கீழே மெத்தென்று ஒரு துண்டும் விரிக்கலாம்.)

அதற்கு நேர் கீழே ஸ்டூல். ஸ்டூல் மேல் ஒரு பலகையோ தடித்த அட்டையோ வைத்து, அதன் மேல் கறுப்பு அல்லது கரும்பச்சைத் துணி. வெள்ளைத் தாளின் ஓரம் எங்கே முடிகிறது என்பது கறுப்புப் பின்னணியில்தான் பளிச்சென்று தெரியும்.

நீங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். திரை மேஜை உயரத்தில் இருக்கும், தாள் முழங்கால் உயரத்தில். குனிய வேண்டாம், கழுத்தை நீட்ட வேண்டாம். முதல் தாளை வைத்து, திரையில் நடுவில் வருகிறதா என்று பார்த்து, தாளின் இரண்டு மூலைகளை சாக்பீஸால் துணியில் குறித்துவிட்டால், அடுத்தடுத்த தாள்களைக் குறி பார்த்து வைத்தால் போதும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒருவர் தாள் மாற்ற, ஒருவர் கிளிக் செய்ய, நூறு பக்கத்தையும் அலுப்பில்லாமல் முடித்துவிடலாம்.

ஏன் ஒரு அடி? வழக்கமான போனின் பிரதான கேமரா ஒரு அடி உயரத்திலிருந்து சுமார் 40 செ.மீ. நீளத்தைப் பார்க்கும். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. முத்திரைத் தாளும் பத்திரம் எழுதும் பச்சைத் தாளும் அதைவிட நீளம், சுமார் 35.6 செ.மீ. இரண்டும் உள்ளே அடங்கும். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கத்தில் 4,000 புள்ளிகள் இருக்கும். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 250 புள்ளி. கையெழுத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் படிக்க இது போதும். சிறிய எழுத்து இருக்கும் தாள் என்றால் பலகைக்குக் கீழே இரண்டு புத்தகம் வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். ஜூம் செய்யாதீர்கள். விலை குறைந்த போன்களில் ஜூம் என்பது இருக்கும் படத்தையே வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

சில போன்கள், தாள் கொஞ்சம் அருகில் வந்ததும் தானாகவே மேக்ரோவுக்கு, அதாவது அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். ஓர வரிகள் வில்லாக வளைந்து தெரிந்தால் அதுதான் காரணம். செட்டிங்கில் மேக்ரோவை அணைத்துவிடுங்கள்.

போன் நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு பழைய ஸ்டூடியோ வித்தை உண்டு. தாள் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். திரையில் கேமரா லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த லென்ஸ் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் போனும் தாளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. விலகித் தெரிந்தால், போனின் ஒரு முனைக்குக் கீழே மடித்த காகிதத்தைச் செருகிச் சரிசெய்யுங்கள். கேமரா புடைத்துக்கொண்டிருக்கும் போன்களுக்குக் கட்டாயம் இது தேவைப்படும். ஒருமுறை சரிசெய்தால் அன்றைய வேலை முழுக்கவும் சரி.

கிளிக் செய்யத் திரையைத் தட்டினால் போன் அதிரும். 3 விநாடி டைமர் வைத்துக்கொள்ளலாம். பல போன்களில் வயர் இயர்போனின் வால்யூம் பட்டனே கேமரா பட்டனாக வேலை செய்யும். பழைய இயர்போன் ஒன்று டிராயரில் கிடக்குமே, அதைத் தேடி எடுங்கள்.

ஃபிளாஷ் போடலாமா?

வேண்டாம். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சம் தாளில் பட்டு நேராகத் திரும்பி வரும். நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. பளபளப்பான சான்றிதழ், லேமினேஷன் செய்த அட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

தலைக்கு மேலே எரியும் டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். அது போனின் நிழலையும் உங்கள் தலையின் நிழலையும் தாள் மேலேயே போடும். மலிவான எல்.இ.டி. பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதும் உண்டு.

நல்லது ஜன்னல் வெளிச்சம்தான். ஜன்னல் உங்களுக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி மேஜையைத் திருப்புங்கள். நேரடி வெயில் தாளில் விழக்கூடாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையோ, வெளுத்த வேட்டியோ தொங்கவிட்டால் வெளிச்சம் திரும்பி வந்து தாளின் இரு பக்கமும் சமமாகும்.

கடலூர் கடற்கரையோரம் இருப்பவர்கள் காலையிலேயே உட்காருவது நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஆரம்பித்தால் தாள் ஸ்டூலில் நிற்காது. ஃபேனும் ஓடக்கூடாது என்பதால் வியர்க்கும், அதற்கு வழியில்லை. மேகமூட்டமான நாளின் வெளிச்சம் படத்துக்கு அருமையானது என்றாலும், ஐப்பசியில் காற்றின் ஈரம் குடித்துத் தாள் அலை அலையாக நெளிந்துவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பருக்குள் முடிப்பது உத்தமம்.

மடிப்பு மடிப்பாகக் கிழியும் பழைய பத்திரம் என்றால்?

ஐம்பது வருஷம் நான்காக மடிந்தே கிடந்த தாளை ஒரே இழுப்பில் விரிக்காதீர்கள். மெதுவாகத் திறந்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே லேசான பாரம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். இஸ்திரிப் பெட்டியை எடுக்கும் ஆசை வரும். வேண்டாம், பழைய காகிதம் சூட்டில் இன்னும் மொறுமொறுப்பாகிவிடும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

படம் எடுக்கும்போது தாள் தூக்கிக்கொண்டு நின்றால், பழைய போட்டோ பிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியை மேலே வைக்கலாம். அதில் போனின் பிம்பம் தெரியும். ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனுக்குக் கீழே மாட்டினால் பிம்பம் மறைந்துவிடும். தொட்டாலே உதிரும் தாள் என்றால் கண்ணாடி வேண்டாம். நெளிந்தபடியே எடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

லேமினேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பத்திரமா இருக்கும்'னு கடையில் கொடுத்து லேமினேட் செய்வது நம் ஊர் வழக்கம். சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்து தண்ணீர் நுழைந்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பவுச் உள்ள ஃபைலே போதும்.

ஸ்கேன் ஆப் இருக்கும்போது இவ்வளவு எதற்கு?

ஸ்கேன் ஆப்கள் ரேஷன் அட்டை, பில் போன்ற தெளிவான அச்சுத் தாளுக்கு நன்றாகவே வேலை செய்யும். (2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 சீன ஆப்களில் கேம்ஸ்கேனரும் ஒன்று. அது போனாலும், கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது.)

சிக்கல் பழைய தாளில்தான். பின்னணியை வெள்ளையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் மாற்றும்போது, வெளிறிய ஊதா முத்திரை, பென்சில் குறிப்பு, மங்கிய கைரேகை எல்லாவற்றையும் 'அழுக்கு' என்று நினைத்து ஆப் துடைத்துவிடும். பார்க்கப் படம் பளிச்சென்று இருக்கும். வேண்டியது மட்டும் இருக்காது. முதலில் சாதாரண கேமராவில் கலரில் ஒரு படம். ஸ்கேன் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு இன்னொன்று.

எல்லோரும் விடுவது பின்பக்கம். பதிவான பத்திரத்தில் சார்பதிவாளரின் மேலெழுத்தும் முத்திரையும் எழுதிக்கொடுத்தவரின் கைரேகையும் தாளின் பின்பக்கத்திலும் இருக்கும். வெறும் முன்பக்கத்தை மட்டும் எடுத்தவர்களிடம் விஷயம் இருக்கும், எண் இருக்காது. ஒவ்வொரு தாளையும் புரட்டி எடுங்கள். காலியாக இருந்தாலும் எடுங்கள், 'இங்கே ஒன்றுமில்லை' என்பதும் ஒரு தகவல்தான்.

வேறெங்கும் நகல் இல்லாத காகிதங்கள்

பத்திரத்துக்கு அரசிடம் நகல் இருக்கிறது. தாத்தாவின் கணக்கு நோட்டுக்கு? ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிய முடிவுச் சீட்டுக்கு? சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதத்துக்கு?

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புதிய கவலை இல்லை. தேவார ஏடுகள் நடராசர் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்ததும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்ததும் சைவ மரபு சொல்லும் கதை. மிஞ்சியதைத்தான் இன்றும் பாடுகிறோம். கதையில் எவ்வளவு வரலாறு என்பது தனி விவாதம். ஒரே ஒரு பிரதியை ஒரே ஒரு அறையில் வைப்பதன் ஆபத்து அதில் இருக்கிறது.

கடலூருக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ளவற்றையும் சேர்த்து சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் இடம்பெற்றன. அதே நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனியார் வீடுகளில் கிடந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படம் எடுத்தது. மஞ்சப்பையில் கிடந்த மாதிரியான காகிதங்கள்தான் அவையும். அசலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துச் செல்வது இந்தத் திட்டத்தின் முறை.

யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த சுவடிகள் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005-ல் தொடங்கியது. எரிந்ததை அதனால் மீட்க முடியாது.

ஆகவே, நகல் இல்லாத தாள்களுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். முழுத் தாளுக்கு ஒரு படம், பிறகு மேல் பாதி, கீழ் பாதி என்று நெருங்கி இரண்டு படம். இரண்டிலும் நடுவில் ரெண்டு வரி பொதுவாக இருக்கட்டும்.

எடுத்த படத்தை எங்கே வைப்பது?

போனிலேயே வைத்தால் வெள்ளத்தில் பையோடு போனும் போகும். ஒரு பிரதி கூகுள் டிரைவ் மாதிரியான இடத்தில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் அண்ணனிடமோ மகளிடமோ பென் டிரைவில்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் 'போட்டோ'வாக அனுப்பாதீர்கள். அளவைச் சுருக்கிவிடும், கஷ்டப்பட்டு எடுத்த முத்திரை எண் மறுபடி மங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். குடும்ப குரூப்பில் மட்டும் போடாதீர்கள். ஆதார் எண், கையெழுத்து, கைரேகை எல்லாம் தெரியும் படம் யார் யார் போனுக்குப் போகிறது என்பது நம் கையில் இல்லை.

'ஐஎம்ஜி' என்று தொடங்கும் பெயரிலேயே விட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தேட முடியாது. ஆண்டு, ஆவணம், ஊர், பக்கம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: '1987 கிரயம் சிதம்பரம் 03 பின்'. அதற்கும் நேரமில்லை என்றால், ஒவ்வொரு ஆவணத்தையும் தொடங்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி, அதையே முதல் படமாக எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, மேஜையைக் கலைக்கும் முன், எடுத்த ஒவ்வொரு படத்தையும் திறந்து முத்திரை இருக்கும் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் அசலைப் பார்த்து 'சரி' சொல்லட்டும். தடுமாறுகிற தாளை அப்போதே மறுபடி ஸ்டூலில் வைத்துவிடலாம்.